மழை பெய்யும்போது மழையைப் படிக்க: கிளை நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வேலை பார்க்கும் நூலகர்களுக்கு வணக்கம்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர் என்னுடையது. எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள்; மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. ஒவ்வொரு ஏப்ரலிலும் பரீட்சை முடிந்த கையோடு தெருவில் உள்ள அம்மாமார்கள் என்னிடம் வந்து, "லீவுக்குப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் ஐம்பது புத்தகம் எழுதி ஒரு பட்டியல் கொடுப்பேன். பள்ளி திறக்கும்போது விசாரித்தால், அந்தத் தாள் எங்கே போனதென்றே தெரியாது என்பார்கள். பட்டியலில் குறை ஒன்றும் இல்லை, எல்லாம் நல்ல புத்தகங்கள்தான். ஆனாலும் அது பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை.

எது சேரும் என்பதை ஒரு மழையில்தான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லிவிட்டு உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தென் மாவட்டத்துக்காரர் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் தெரு கொஞ்சம் மேடு, தண்ணீர் தெருமுனையோடு நின்றுகொண்டது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி தொழுவத்தில் தண்ணீர் ஏறியதால் பசுவையும் கன்றையும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து கட்டியிருந்தார். பிள்ளைகள் பயந்துபோய் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கைக்கு அகப்பட்டது பத்துப்பாட்டு உரைநூல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நெடுநல்வாடையின் முதல் பன்னிரண்டு வரியை வாசித்து, அப்படியே பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

உலகமே நடுங்க மழை பெய்கிறது. வெள்ளத்தை வெறுத்த கோவலர்கள் மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். கையில் கொள்ளி பிடித்துக் குளிர் காய்ந்தும் கன்னம் நடுக்கம் நிற்கவில்லை. மாடுகள் மேய்ச்சலை மறந்துவிட்டன, குரங்குகள் கூனிப்போய் உட்கார்ந்திருக்கின்றன, மரத்தில் அடையும் பறவைகள் கீழே விழுகின்றன. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது.

அப்போது நான்காம் வகுப்பு படித்த மகள் அந்த இடத்தில் எழுந்துவிட்டாள். மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. திரும்பி வந்து, "ஆமாம்மா, கன்னுக்குட்டிய கிட்ட விடமாட்டேங்குது" என்றாள். அடுத்த வரியில் மலையே குளிர்வது போன்ற நடுநிசி என்று வருகிறது. அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று ராத்திரி அதே பகுதியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். சங்க இலக்கியம் பிள்ளைகளுக்குப் புரியாது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்த மழையில் வீடும் வயலும் இழந்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அவர்களை நினைக்காமல் அந்த ராத்திரியைப் பற்றி எழுத முடியாது. ஆனால் பயந்து கிடந்த இரண்டு பிள்ளைகளுக்கு அந்தப் பன்னிரண்டு வரி துணையாக இருந்ததும் உண்மை.

என் வேண்டுகோள் இதுதான்: வெளியே எது நடக்கிறதோ அதைப் பற்றிய பக்கம் அந்த வாரமே பிள்ளையின் கைக்கும் காதுக்கும் போய்ச் சேர வேண்டும். நம்மிடம் ஆறு பெரும்பொழுது இருக்கிறது. இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி. ஒவ்வொன்றும் இரண்டு மாதம். தொல்காப்பியம் பாட்டுக்கே பொழுது வகுத்து வைத்திருக்கிறது. நூலகத்தில் சிறுவர் பகுதி என்று இருக்கிற அலமாரியில் ஒரே ஒரு தட்டை மட்டும் பொழுதுக்கு ஒதுக்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பத்துப் புத்தகம் போதும். அதற்கு மேல் வைத்தால் பிள்ளைக்கு எதை எடுப்பதென்று தெரியாமல் போகும்.

எதை வைப்பது? எங்கள் வட்டாரத்தில் என் வீட்டிலும் தெருப் பிள்ளைகளிடமும் பலித்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றதை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

தை மாதம் பொங்கல் பானைப் பக்கத்தில் பனங்கிழங்கு வந்துவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கைத் தோலுரித்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பிள்ளையின் கையில் கொடுங்கள். அப்புறம் சத்திமுத்தப் புலவரின் 'நாராய் நாராய் செங்கால் நாராய்' பாட்டை வாசியுங்கள். நாரையின் அலகு பனங்கிழங்கைப் பிளந்தது போல இருக்கிறது என்று அவர் சொல்லும் இடத்தில் பிள்ளை கையிலிருக்கும் கிழங்கைப் பார்க்கும். என் மகன் அந்த இரண்டு பாதியையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்து, நாரை வாய் திறக்கிற மாதிரி தங்கைக்குக் காட்டினான். குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் நாரையிடம், குளிரில் துணியில்லாமல் பேழைக்குள் பாம்பு போலச் சுருண்டு கிடக்கிறேன் என்று மனைவியிடம் போய்ச் சொல்லச் சொல்கிறார் ஓர் ஏழைப் புலவர். பனிக்காலத்தின் குளிர், வலசை வரும் பறவை, வறுமை, வீட்டு ஞாபகம் எல்லாம் சில வரிகளுக்குள். அந்த மாதங்களில்தான் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். பக்கத்து ஊர் நூலகர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போய் அங்கேயே வாசிக்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பைக் கொடுங்கள். காட்டுயிரைப் பற்றி இவ்வளவு தெளிவான தமிழில் எழுதியவர்கள் குறைவு.

கோடைக்கு என்னுடைய முதல் தேர்வு கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. பறவைகளின் முட்டையைத் தேடிக் கரிசல் காட்டில் அலையும் ஒரு சிறுவனின் கதை. வெயிலில் சுற்றாதே என்று சொல்லிச் சொல்லி நாம் வீட்டுக்குள் உட்கார வைத்த பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். படித்து முடித்ததும் வாசலுக்குப் போய் மரத்தை அண்ணாந்து பார்க்கும். நாட்டுப்புறக் கதைகளையும் அவர் வாழ்நாள் முழுக்கச் சேகரித்தார். அவற்றில் பிள்ளைகளுக்கு ஏற்றதாகப் பெரியவர்கள் ஒருமுறை பார்த்துத் தேர்ந்தெடுத்து, மொட்டைமாடியில் பாய் விரித்த பிறகு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளை விட எளிய வழி நான் கண்டதில்லை. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் மூலம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்த சின்னச் சின்னப் புத்தகங்களும் நல்லவை. மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும், நூலகம் திறந்திருக்கும். தலைமையாசிரியரிடம் பேசி விடுமுறைக்கு மட்டும் அவற்றை வாங்கி உங்கள் தட்டில் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்துக்கு 'டோட்டோ-சான்'. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது. ரயில் பெட்டிகளே வகுப்பறையான பள்ளியைப் பற்றியது. பெற்றோரும் படிக்க வேண்டும்.

கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பதையும் சேர்த்துத்தான் வாசிப்பு என்கிறேன். எங்கள் பக்கம் சித்திரையிலும் ஆடியிலும் கோயில் கொடை வரும், வில்லுப்பாட்டு இருக்கும். வில்லில் வீசுகோல் பட்டு மணி குலுங்க, குடமும் உடுக்கையும் சேர, ஒருவர் கதை சொல்லப் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட, விடிய விடியக் கதை போகும். பிள்ளைகள் அதை முதல் அரை மணி நேரம் கேட்டுவிட்டு மிட்டாய்க் கடைக்கு ஓடிவிடுகிறார்கள். கதை முன்னே பின்னே தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். கொடைக்கு முந்தின வாரம் நூலகத்தில் அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தால் போதும், கடைசி வரை உட்கார்ந்து கேட்பார்கள். ஊர்ப் புலவரையே கூப்பிட்டுக் கேளுங்கள், சந்தோஷமாக வருவார்.

ஆடிக்கு முக்கூடற்பள்ளு. ஆற்றில் வெள்ளம் நாளைக்கு வரும் என்பதற்கு அதில் அடையாளம் சொல்கிறார்கள். மலையாளத்துப் பக்கமும் ஈழத்துப் பக்கமும் மின்னுகிறது, காற்று சுழன்றடிக்கிறது, கேணியில் சொறித்தவளை கூப்பிடுகிறது, நண்டு வளையைச் சேற்றால் அடைக்கிறது. நான் இதை வாசித்தபோது அடுப்படியிலிருந்து பிள்ளைகளின் ஆச்சி குரல் கொடுத்தாள்: "நண்டு வளைய அடைச்சா மறுநா ஆத்துல தண்ணி வந்துரும்லா. எங்க அய்யா அதப் பாத்துத்தான் நாத்துப் பாவுவாரு." எழுபது வருடத்துக்கு முந்தைய வயல் கதை ஒரு மணி நேரம் ஓடியது. மகன் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறான். என் பிள்ளைகள் கேட்ட நல்ல ஒலிநூல் அதுதான். குற்றாலத்தில் சீசன் தொடங்கி சாரல் அடிக்கும்போது மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் மலைவளம் சொல்லும் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிக்கப் போகிற வழியில் பஸ்ஸிலேயே வாசிக்கலாம்.

வடகிழக்குப் பருவமழையின் முதல் இடிக்குப் பாரதியின் 'மழை'. அதை உட்கார்ந்து வாசிக்கக் கூடாது. தீம்தரிகிட வரும் இடத்தில் பிள்ளைகள் தரையை மிதித்து ஆட வேண்டும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை எப்படியும் காதில் விழும். நான்காம் பாட்டில் ஆண்டாள் மழை உண்டாகும் விதத்தையே வரிசையாகச் சொல்கிறாள்: மேகம் கடலுக்குள் புகுந்து நீரை முகந்து மேலேறுகிறது, கறுக்கிறது, மின்னுகிறது, இடிக்கிறது, பொழிகிறது. அறிவியல் பாடத்தில் நீர்ச் சுழற்சி படிக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டிப் பாருங்கள். ரமலானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அந்தந்த வீட்டுப் பிள்ளைகளிடமே கேளுங்கள், அவர்கள் வீட்டில் எதைக் கேட்கிறார்கள், எதைப் பாடுகிறார்கள் என்று. தட்டில் அதற்கும் இடம் இருக்க வேண்டும்.

சரி, இதற்கு என்ன செலவு? பெரிதாக இல்லை. சங்கப் பாட்டுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பாரதியின் எழுத்து 1949-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டது. ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, கடினச் சொல்லுக்குப் பொருள் எழுதி, புத்தகம் எடுக்க வரும் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்பலாம். 'இன்று ராத்திரி சாப்பிட்டபின் சத்தமாக வாசிக்கவும்' என்று மேலே ஒரு வரி இருந்தால் போதும்.

ஒரு குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மத்தியானம் வேறொரு ஊர் நூலகத்துக்குப் போயிருந்தேன். எட்டு வயது இருக்கும், ஒரு பையன் செருப்பில்லாமல் ஓடிவந்து கண்ணாடி பீரோவுக்கு முன்னால் நின்றான். உள்ளே சிறுவர் புத்தகங்கள், பூட்டியிருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிக்கு அடியில் நின்றுவிட்டுப் போய்விட்டான். கண்ணாடியில் அவன் மூச்சுப்பட்ட தடம் இருந்தது. புத்தகம் தொலைந்தால் நீங்கள்தான் கைக்காசு கட்ட வேண்டிவரும் என்ற உங்கள் பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டியது மேலிடம். அந்தப் பத்துப் புத்தகத்தை மட்டுமாவது பூட்டாதீர்கள். தொலைந்தால் வாசகர் வட்டமும் புரவலர்களும் வாங்கித் தருவோம்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று எழுதிய சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் வழிவந்தவர்கள் நீங்கள். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஒரு நடமாடும் நூலகம் ஊர் ஊராகப் போன கதையை நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். 1948-ல் நமக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது, இன்றும் சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். அந்தப் பத்துப் பைசாவில் அந்தச் செருப்பில்லாத பையனுக்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் நூலகத்தில் சித்திரை முதல் வாரத்திலிருந்து இளவேனில் தட்டுக்கான பத்துப் புத்தகத்தை வாசகர் வட்டம் சார்பில் கொண்டுவந்து தருகிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாசித்துக் காட்ட நானும், கதை சொல்ல ஆச்சியும் வருகிறோம். ஆச்சிக்குக் கை வைத்த நாற்காலி ஒன்று வேண்டும். தரையில் விரிக்கப் பாய் நாங்களே கொண்டுவருவோம்.

அன்புடன்,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு வாசகி