மழைக்கு வாற நத்தை, புழுவை அடையாளம் காண மேலால எடுத்த படம் மட்டும் காணாது

ஆசிரியருக்கு வணக்கம்,

மாரி தொடங்கினா எங்கட திருகோணமலை வட்ஸ்அப் குறூப் எல்லாத்திலயும் ஒரே கதைதான், பாத்ரூம் மூலையிலயோ பூச்சாடிக்குக் கீழயோ ஏதோ ஒண்டு ஊரும், ஆரோ மேலால ஒரு படம் எடுத்துப் போடுவினம், ஒருத்தர் அட்டை எண்பார், இன்னொருத்தர் விஷப்புழு எண்பார், கடைசியில உப்பைப் போடுங்கோ எண்டு முடியும். இப்ப பேப்பர்களிலயும் அந்தப் படங்கள் பயங்கரத் தலைப்புகளோட வரத் தொடங்கிட்டு, அதனாலதான் எழுதுறன். நான் இதைப் படிச்ச ஆள் இல்ல, ஆர்வத்தில கனகாலமா பாத்துக்கொண்டு வாறன், ஆனா ஒண்டு உறுதியாச் சொல்லுவன், மேலால எடுத்த ஒரு படத்தை வச்சு இதுகளுக்குப் பேர் வைக்க ஏலாது.

எங்கட வளவுகளில வாற ஓடில்லாத நத்தையையே எடுங்கோ. கறுப்பா, தட்டையா, முதுகு நடுவால வெளிறின கோடு ஒண்டு ஓடினா அது பெரும்பாலும் ஆபிரிக்காவில இருந்து வந்த லெவிகோலிஸ் ஆல்டே. ஆனா நியூகினியில இருந்து பல தீவுகளுக்குப் பரவின பிளாட்டிடெமஸ் எண்ட தட்டைப்புழுவுக்கும் கறுத்த முதுகும் வெளிறின நடுக்கோடும்தான், மேலால பாத்தா ஆர் பிரிப்பினம்? நத்தையை ஒரு கண்ணாடிப் போத்தலுக்க விட்டு அது ஊரேக்க கீழ்ப்பக்கத்தைப் பாருங்கோ, நடுவில ஒடுக்கமா ஒரு பட்டி இருக்கும், அதுதான் கால், ரெண்டு பக்கமும் அகலமா முதுகுத்தோல் மடிஞ்சு வந்திருக்கும். கொஞ்சம் பொறுத்தா கொம்பு வெளிய வரும், மேல் ரெண்டிலயும் கண், கீழ் ரெண்டும் நுனியில கவர் விட்டிருக்கும். தட்டைப்புழுவுக்குக் கொம்பே இல்ல. இனி வலப்பக்கம், இது கனபேருக்குத் தெரியாது, வேற கன இன ஓடில்லா நத்தைகளுக்கு முன்பாதி முதுகில ஒரு தோல்மடிப்பு போர்த்தின மாதிரி இருக்கும், அதில வலப்பக்கமா மூச்சுத் துவாரம் ஒண்டு திறந்து மூடும், லெவிகோலிஸ் சேர்ந்த வெரோனிசெல்லிடே குடும்பத்துக்கு அந்தத் துவாரம் அங்க இல்ல, பின்முனையில மறைஞ்சிருக்கும். அதால வலப்பக்கப் படம் இல்லாட்டி குடும்பத்தைக்கூடப் பிரிக்கிறது கஷ்டம். அந்தக் குடும்பத்துக்குள்ளயும் கோடில்லாம மண்ணிறமா வாறதுகளை உள்ளுறுப்பு வெட்டிப் பாத்துத்தான் இனம் பிரிப்பினம், அப்ப "வெரோனிசெல்லிடே குடும்பம்" எண்டு எழுதி நிப்பாட்டுறதுதான் நேர்மை.

அடுத்தது எல்லாரும் பயப்பிடுற ஹேமர்ஹெட் புழு, அதுவும் தட்டைப்புழுதான், பைபாலியம் எண்ட கூட்டம், தலை அரைச் சந்திரன் மாதிரி விரிஞ்சிருக்கும். மண்புழுவுக்கு இருக்கிற மாதிரி உடம்பில வளைய வளையமாப் பிரிவு ஒண்டும் இருக்காது, மண்புழுவில இருந்து பிரிக்க அது ஒண்டே போதும். வாய் தலையில இல்ல, வயித்துப் பக்கம் நடுவில, அதால மண்புழுவைச் சுத்திப் பிடிச்சு உடம்பு நடுவாலயே தின்னும். பேத்தை மீனில இருக்கிற அதே விஷம் இந்தக் கூட்டத்தில ரெண்டு இனத்தில இருக்கெண்டு 2014இல ஆராய்ச்சியாளர்கள் காட்டினவை, அதால வெறுங்கையால தூக்கவேண்டாம், பிள்ளையள் தொட்டா சவுக்காரம் போட்டுக் கழுவ வையுங்கோ, ஆனா அது ஆளைத் துரத்திக் கடிக்கிற சாமான் இல்ல. மண்வெட்டியால வெட்டவும் வேண்டாம், துண்டுகள் திரும்ப முழுப்புழுவா வளரும்.

இதில எங்கட ஊருக்கு ஒரு சொந்தமும் இருக்கு. 1871 டிசம்பர் 12 சூரிய கிரகணத்தைப் பாக்க திருகோணமலைப் பக்கம் வந்த இங்கிலாந்துக் குழுவில ஹென்றி மோஸ்லி எண்டவர் இருந்தார், கிரகணம் பாத்ததோட நிக்காம இலங்கையில தரைத் தட்டைப்புழுக்களைச் சேர்த்துக்கொண்டு போய் 1874இல அதுகளின்ட உடலமைப்பைப் பற்றி லண்டன் ரோயல் சொசைட்டி எண்ட விஞ்ஞானச் சங்கத்தில விரிவா எழுதினார். பிறகு 1878இல லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில கண்ட ஹேமர்ஹெட் புழுவுக்கு பைபாலியம் கியூவென்ஸ் எண்டு பேர் வைச்சவரும் அவர்தான். முதுகில அஞ்சு கருங்கோடும் கழுத்தில அரைகுறையா ஒரு கருவளையமும் வடிவாத் தெரிஞ்சா அந்தப் பேரைச் சொல்லலாம், தெரியாட்டி பைபாலியம் கூட்டம் எண்டதோட விடவேணும்.

எனக்கு மனம் நோகுறது குருட்டுப் பாம்புக்கு நடக்கிறதைப் பாத்துத்தான். மண்புழு மாதிரி மெலிஞ்சு கறுப்பா மினுங்கும், வளையத்துக்குப் பதிலா சின்னச் செதில், கிட்டப் பாத்தா நாக்கை நீட்டி நீட்டி எடுக்கும். விஷமில்ல, எறும்பு கறையான்ட முட்டையும் குஞ்சும்தான் சாப்பாடு. அதைப் புழு எண்டு உப்புப் போட்டும் பாம்பு எண்டு தும்புத்தடியால அடிச்சும் கொல்லுகினம்.

அதால உங்களிட்ட ஒரு கோரிக்கை. வாசகர் இப்படிப் படம் அனுப்பினா பிரசுரிக்க முதல் மேல், கீழ், வலப்பக்கம், தலை நீட்டின நேரம் எண்டு படங்களும், அளவுக்குப் பக்கத்தில ஒரு பத்து ரூபாக் குத்தியும், இடமும் திகதியும் கேளுங்கோ. உப்புவெளியில எடுத்ததோ தம்பலகாமத்து வயலில எடுத்ததோ எண்டது படத்துக்குக் கீழ கட்டாயம் இருக்கவேணும். ஐப்பசி மழைக்கு முதல் வார இதழில இதுக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்கினா, விளக்கக் குறிப்பு எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர், திருகோணமலை