சராசரிச் சாய்வை மட்டும் போட்டு ஏற்றங்களைப் பட்டியலிடாதீர்கள்

சைக்கிள் குழுக்களுக்காக மலைப்பாதைகளைத் தேடித் தொகுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீண்ட, கடினமான ஏற்றம் எங்கே இருக்கிறது என்று தேடும் ரோடு சைக்கிள்காரர் முதலில் பார்ப்பது உங்கள் பட்டியலைத்தான். அதில் பெரும்பாலும் நீளம், ஏறும் உயரம், சராசரிச் சாய்வு (100 மீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறது என்ற சதவீதம்) என்று மூன்று எண்கள் மட்டுமே இருக்கின்றன. அவற்றை நம்பி கியரைத் தேர்ந்துகொண்டு கிளம்புகிறவர் பாதி மலையில் இறங்கி வண்டியைத் தள்ள நேர்கிறது. மலை தெரியாமல் சராசரி மட்டும் தெரியும்படி எழுதுவதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பிரான்சின் கலிபியே கணவாயை எடுத்துக்கொள்வோம். வடக்கே சான்-மிஷேல்-த-மொரியேனிலிருந்து ஏறினால் ஏறக்குறைய 35 கி.மீ., சராசரி 5.5%. படித்தால் மிதமான ஏற்றம் போலத் தோன்றும். ஆனால் முதல் 12 கி.மீ. டெலிகிராஃப் கணவாய்க்கு 7 சதவீதத்தில் ஏறுகிறது. பிறகு வலுவார் என்ற ஊர் வரை 5 கி.மீ. இறக்கம். அங்கிருந்து மறுபடியும் 18 கி.மீ. கிட்டத்தட்ட 7%, அதிலும் செங்குத்தான பகுதி கடைசி 8 கி.மீ.யில், 2,000 மீட்டர் உயரத்தைத் தாண்டிய பிறகு. நடுவிலிருக்கும் இறக்கம்தான் சராசரியைக் குறைத்துக் காட்டுகிறது. ஸ்பெயினின் அங்லிரு ஏற்றம் இன்னும் மோசமாக ஏமாற்றும். 12.5 கி.மீ., சராசரி 10% என்றிருக்கும். முதல் பாதி அதைவிட எளிது. கடைசி 6 கி.மீ. ஏறத்தாழ 13%, ஒரு துண்டு 23.5% வரை போகிறது.

தரவரிசைப் புள்ளிகளும் இதைச் சரிசெய்வதில்லை. சைக்கிள் ஓட்டங்களைப் பதிவுசெய்யும் செயலியான ஸ்ட்ராவா, ஏற்றங்களை வகைப்படுத்தும்போது நீளத்தை (மீட்டரில்) சாய்வுச் சதவீதத்தால் பெருக்குகிறது. 80,000-ஐத் தாண்டினால் மிக உயர்ந்த வகை. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் 800 மீட்டர் ஏறினால் போதும் என்பதுதான் அதன் பொருள். 20 கி.மீ. 4 சதவீதத்தில் ஏறுவதும் 8 கி.மீ. 10 சதவீதத்தில் ஏறுவதும் அங்கே ஒன்று. இரண்டையும் ஏறியவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். நெதர்லாந்தில் வழக்கத்திலுள்ள ஃபீட்ஸ் கணக்கு கொஞ்சம் நியாயமானது: ஏறும் உயரத்தின் வர்க்கத்தை நீளத்தின் பத்து மடங்கால் வகுக்க வேண்டும் (உச்சி 1,000 மீட்டருக்கு மேல் இருந்தால் சிறு கூட்டல் உண்டு). முதல் ஏற்றத்துக்கு 3.2, இரண்டாவதற்கு 8 வரும். புள்ளி போட்டே ஆகவேண்டும் என்றால் இதைப் போடுங்கள்.

வரைபட மென்பொருள் காட்டும் சாய்வை அப்படியே நகலெடுப்பது அடுத்த தவறு. பல தளங்களின் உயரத் தரவுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த தகவல். அது சுமார் 30 மீட்டர் அல்லது 90 மீட்டர் கட்டங்களாக இருக்கிறது. மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலையில் இந்தக் கட்டம் இரண்டு விதமாகப் பிழை செய்யும். சரிவு 45 டிகிரியாக இருந்து, வரைந்த கோடு 15 மீட்டர் பக்கவாட்டில் விலகினால், உயரமும் 15 மீட்டர் தவறும். இல்லாத செங்குத்து மேடு ஒன்று முளைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் ஒரே கட்டத்தில் விழுவதால், உண்மையான செங்குத்துத் துண்டு மழுங்கிப்போகும். சுரங்கப்பாதை இருந்தால் மென்பொருள் மலையின் மேலேயே ஏறி இறங்கியதாகக் காட்டும். பாலம் இருந்தால் பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

ஆகவே அடிவாரம், உச்சி இரண்டின் உயரத்தையும் அச்சு வரைபடத்தின் உயரப் புள்ளியிலிருந்தோ கணவாய்ப் பலகையிலிருந்தோ எடுங்கள். இடைப்பட்டதைச் சமஉயரக் கோடுகளை எண்ணிக் கணக்கிடலாம். கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்றால், சாலை ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டைத் தொட 250 மீட்டர் ஓடினால் 8%, 200 மீட்டர் என்றால் 10%, 150 மீட்டர் என்றால் 13 சதவீதத்துக்கு மேல். ஒரு மலைக்கு அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

புதிய ஏற்றம் தேடுகிறவர்கள் சிகரங்களிலிருந்து தொடங்குவதைப் பார்க்கிறோம். பெரும்பாலான சாலைகள் சிகரத்துக்குப் போவதில்லை, கணவாயைக் கடக்கின்றன. ஆற்றுப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த ஊரிலிருந்து பக்கத்துக் கணவாய்க்கு விரலை ஓட்டுங்கள். சிகரம் வரை சாலை போகிறது என்றால் அங்கே ஏதோ ஒன்று கட்டப்பட்டிருக்கும்: ஒலிபரப்புக் கோபுரம், வானாய்வகம், பனிச்சறுக்கு விடுதி. பிரான்சின் வான்டூ மலையின் தலையில் கோபுரம் நிற்கிறது, ஹவாயின் மவுனா கியாவில் தொலைநோக்கிகள். அணைக்கட்டுக்குப் போகும் சாலைகளையும் விடாதீர்கள். உச்சியோடு முடியும் சாலைகளில் கடந்துபோகும் லாரிகள் இருக்காது. சுரங்கப்பாதையோ புதிய சாலையோ வந்த பிறகு போக்குவரத்து குறைந்துபோன பழைய கணவாய்ச் சாலை இன்னொரு புதையல். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாய்க்கு அடியில் 1980-இல் சாலைச் சுரங்கப்பாதை வந்தது. தெற்குப் பக்கம் கல் பதித்த பழைய சாலையான ட்ரெமோலா, 24 வளைவுகளோடு இன்று சைக்கிள்காரர்களுக்குப் பிடித்த பாதை. வளைந்து வளைந்து போகும் பழைய வண்டிப்பாதை பெரும்பாலும் 8 சதவீதத்துக்குள் அடங்கும். சமஉயரக் கோடுகளை நேராக வெட்டிக்கொண்டு போகும் குறுகிய பண்ணைச் சாலைதான் 15 சதவீதத்தைத் தாண்டும். கடினம் வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள்.

செங்குத்தான கிலோமீட்டரைச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கியர் கணக்கில் பாருங்கள். வண்டியோடு சேர்த்து 80 கிலோ, தொடர்ந்து 200 வாட் தரக்கூடியவர் என்று வைப்போம். 8 சதவீதத்தில் மணிக்குப் பத்தரை கி.மீ. போவார். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் நிமிடத்துக்கு 70 சுற்று மிதிப்பார்; சுகமான வேகம். அதே ஆள் 13 சதவீதத்தில் மணிக்கு 7 கி.மீ.கூடப் போகமாட்டார், மிதி 45 சுற்றுக்கு இறங்கிவிடும். முழங்கால் வலி அங்கேதான் தொடங்குகிறது. பின்னால் 34 பல் இருந்திருந்தால் 54 சுற்று கிடைத்திருக்கும். இந்த முடிவை எடுக்க அவருக்குச் சராசரி உதவாது, மிகக் கடினமான ஒரு கிலோமீட்டரின் எண்தான் உதவும்.

இறக்கத்தைப் பற்றி உங்கள் பட்டியல்கள் அநேகமாக வாய் திறப்பதேயில்லை. 1,500 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சுமார் 10 டிகிரி குறையும், வியர்வையில் நனைந்த உடம்போடு அதில் இறங்க வேண்டும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் உள்ளவர், செங்குத்தான ஒற்றைத் தடச் சாலையில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். கார்பன் விளிம்பில் ஆபத்து இன்னும் அதிகம். வேறு வழியாக இறங்க முடியுமா என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.

இனி ஒவ்வோர் ஏற்றத்துக்கும் கிலோமீட்டர் வாரியாகச் சாய்வு, மிகச் செங்குத்தான 100 மீட்டரும் மிகச் செங்குத்தான 1 கிலோமீட்டரும், நடுவிலுள்ள இறக்கங்கள், தார் எங்கே முடிகிறது, தண்ணீர் கடைசியாக எங்கே கிடைக்கும், நிழல் இல்லாத பகுதி எது, எந்த மாதங்களில் சாலை மூடியிருக்கும் என்று எழுதுங்கள். வான்டூவில் பெதுவான் ஊர்ப் பக்கத்துக் காட்டுப் பகுதி 9 சதவீதம் என்பது எவ்வளவு முக்கியமோ, அதற்குப் பிறகு வரும் 6 கி.மீ. மொட்டை மலையில் காற்று அடிக்கும் என்பதும் அவ்வளவு முக்கியம். நேரில் ஏறிப் பார்த்த ஏற்றமா, வரைபடத்தில் மட்டும் பார்த்ததா என்பதைத் தனியாகக் குறித்து, சரிபார்த்த தேதியையும் போடுங்கள். ஒரு மழைக்காலம் போதும், நல்ல தார்ச்சாலை ஜல்லியாகிவிடும்.

அன்புடன்,
ஏற்றங்களைத் தேடி ஓட்டுபவர்கள்