நேரலை என்றால் நேரலையாக இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் வானொலித் தொகுப்பாளர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நீளமான பாட்டாகப் போட்டுவிட்டுத் தேநீருக்கு நழுவுவதை மன்னித்துவிடலாம். ஆனால், பகலிலேயே பேசிப் பதிவு செய்ததை இரவில் நேரலை என்று ஒலிபரப்புவது நம்பிக்கைத் துரோகம். தூக்கம் வராதவர்கள் எதிர்முனையில் ஒருவர் விழித்திருக்கிறார் என்று நம்பித்தான் வானொலியைத் திறக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருந்த என் தாயாருக்கு அந்தக் குரல்தான் இரவுத் துணை. ஒரு நாள், "உங்களோடுதான் இருக்கிறேன்" என்ற வரியிலேயே பதிவு சிக்கிக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. "அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?" என்று பதறினார் அம்மா. உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2024 அக்டோபரில் போலந்தின் கிராகோவ் நகர வானொலி ஒன்று செயற்கை நுண்ணறிவுத் தொகுப்பாளர்களை அறிமுகப்படுத்தி, எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களிலேயே கைவிட்டது. அங்கே இயந்திரக் குரல் என்பதையாவது மறைக்கவில்லை. பதிவு நிகழ்ச்சி எதுவானாலும் தொடக்கத்திலும் இடையிலும் அப்படி அறிவிப்பதை ஒலிபரப்பு உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும்.

– ஒரு வானொலி நேயர்