ஏழு முறை கூப்பிட்டு வெறுங்கையோடு அனுப்பியவர்களுக்கு

ஆஸ்கர் அகாடமியின் ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம். தமிழில் எழுதிய கடிதம் உங்கள் மேசைக்கு வராது என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2025 நவம்பர் 10 அன்று நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைந்தன. ஆறே நாளில் உங்கள் கௌரவ ஆஸ்கர் விழா. டாம் குரூஸ் வாங்கினார். சந்தோஷம், பறக்கும் விமானத்தில் தொங்கியவருக்கு ஏதாவது தரத்தான் வேண்டும். பர்ட்டனுக்கு நீங்கள் தந்தது ஏழு பரிந்துரைகள். சிலை ஒன்றுகூட இல்லை. இப்போதாவது கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பன்னிரண்டாவது பிள்ளை, தாயில்லாமல் அக்கா வளர்த்தது, வாத்தியார் தன் பெயரையே கொடுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் 1966ஐ மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். 'ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்' படத்தைத் தாங்குவது நாலே பேர். நாலு பேரையும் பரிந்துரைத்தீர்கள். எலிசபெத் டெய்லருக்கும் சேண்டி டென்னிஸுக்கும் கொடுத்தீர்கள். டெய்லர் வீசிய வசவையெல்லாம் எதிரே நின்று வாங்கிய பர்ட்டனுக்கு?

அந்தப் படத்தில் ஒரு காட்சி. நடுராத்திரி, ஊஞ்சல் கட்டிய மரத்தடி. தொளதொள கார்டிகனில் பர்ட்டன் ஒரு பழைய கதை சொல்கிறார். மதுக்கடையில் சரக்கின் பெயரைத் தப்பாகச் சொல்லிக் கடையையே சிரிக்கவைத்த பையன். அதற்கு முன்பே தாயைத் தவறுதலாகச் சுட்டுக் கொன்றவன். ஹாம்லெட்டாக மேடையேறினால் கடைசி வரிசைவரை அதிரவைக்கும் குரல், அங்கே கிட்டத்தட்ட முணுமுணுப்பாக இறங்குகிறது. சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பிக்கிறோம், அவர் முடிக்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, அந்த வருடம் சிறந்த நடிகர் விருதை வாங்கிய பால் ஸ்கோஃபீல்டு பெரிய நடிகர், குறை சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம்? குடித்துக் குடித்து உள்ளுக்குள் செத்துப்போன உளவாளியாக பர்ட்டன் நடித்தார். குடிகாரத் துப்பாக்கிக்காரனாக வந்து சிரிக்கவைத்த லீ மார்வினுக்குச் சிலை போனது.

பர்ட்டன் நிஜத்திலும் குடித்தார். 1974இல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் குடித்தார். 1984இல், 58 வயதில், மூளையில் ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்தார். அந்தப் பெயரை எடுத்தாலே பாட்டில், டெய்லருக்கு வாங்கிக் கொடுத்த வைரம், அவரோடு ரெண்டு கல்யாணம் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். நடிப்பைப் பற்றிப் பேச ஆளில்லை. குடிதான் உங்களுக்கும் உறுத்தல் என்றால், கொடுத்த சிலைகளில் பாதியைத் திரும்ப வாங்க வேண்டியிருக்குமே.

'பெக்கெட்' படத்தில் அவரோடு சரிக்குச் சரியாக நின்ற பீட்டர் ஓ'டூலும் எட்டுப் பரிந்துரையில் ஒன்றையும் ஜெயிக்கவில்லை. ஆனால் அவருக்கு 2003இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்துச் சமாளித்தீர்கள். பர்ட்டன் அதுவரை உயிரோடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இறந்தவர்களுக்குக் கௌரவ விருது கிடையாது என்பீர்கள். அது என்ன வேதத்திலா எழுதியிருக்கிறது? பீட்டர் ஃபின்ச் இறந்த பிறகு சிறந்த நடிகர் விருதைக் கொடுத்தவர்கள் நீங்கள்தானே?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: ரிச்சர்ட் பர்ட்டனுக்கு ஒரு கௌரவ ஆஸ்கர். அவருடைய மகள் கேட் பர்ட்டன் அமெரிக்காவில்தான் நடித்துக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து அவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
அந்த மரத்தடிக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு ரசிகன்