உருளைக்கிழங்கும் மோரும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

"அந்த ஊர்க்காரங்க என்னத்தைத் தின்னு வளர்ந்தாங்க?" என்று போனில் கேட்டாயே. இங்கே அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் 90 தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். லீட்ரிம் என்ற மாவட்டத்துப் பக்கம் ஒரு கிராமம். சாப்பாட்டுப் பேச்சை எடுத்தால் மாத்திரை போடக்கூட விடமாட்டார்.

அவர் வீட்டில் அடுப்பே கிடையாது, கணப்புதான். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிதான் விறகு. அதன்மேல் தொங்கும் ஒரே இரும்புப் பானையில்தான் எல்லாம் வேகும். உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, கூடையில் கொட்டி நீரை வடிப்பார்களாம். சுற்றி உட்கார்ந்து நகத்தாலேயே தோலை உரித்து, உப்பைத் தொட்டுக்கொண்டு தின்பது. கூடவே மோர். நம்ம பழைய சோறும் மோரும் மாதிரிதான். வெண்ணெய் கடைக்குப் போய்விடும், முட்டையும் அப்படித்தான். தேயிலை, சர்க்கரை வாங்க வேண்டுமே! வீட்டுக்கு மிஞ்சுவது மோர்.

அந்த மோரில்தான் ரொட்டிக்கும் மாவு பிசைவார்கள். ஈஸ்ட் கிடையாது, மோரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்தே உப்ப வைத்துவிடும். மேலே கத்தியால் சிலுவை கீறி, மூடிபோட்ட சட்டியில் வைத்து, மூடிமேலும் தணலைப் பரப்புவார்களாம். பாக்ஸ்டி என்று ஒன்று, பாட்டிக்கு உயிர். பச்சைக் கிழங்கைத் துருவித் துணியில் பிழிந்து, மசித்த கிழங்கு, மாவு, மோர் சேர்த்து இரும்புக் கல்லில் சுடுவது. நானும் சாப்பிட்டேன். காரம் இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

கறி அபூர்வம். குளிர்காலத்தில் பன்றி அடித்தால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு போகும். மிச்சத்தை உப்பிட்டு வைத்து, முட்டைக்கோஸோடு வேகவைப்பார்கள். வெள்ளிக்கிழமை அதுவும் கூடாது, கத்தோலிக்கர்கள் ஆயிற்றே.

பாட்டியின் காலத்துக்கும் நூறு வருஷம் முன்னால் ஏழைகளுக்குக் கிழங்கை விட்டால் வேறு கதியில்லை. கூலிவேலை பார்க்கும் ஆண் ஒருவர் நாளுக்கு 5, 6 கிலோ தின்பாராம்! 1845-இல் செடிகளில் நோய் விழுந்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைப் பற்றி மட்டும் பாட்டி அதிகம் பேசமாட்டார். நானும் கிளறுவதில்லை.

சரி, அடுத்த பார்சலில் மோர்மிளகாய் மறக்காமல் வை. பாட்டிக்குக் கொடுத்துவிடமாட்டேன், பயப்படாதே.

அன்புடன்,
உன் மகள்