ஓசூர் கூட்டத்துக்குப் போகும் முன்

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதையெல்லாம் உட்கார்ந்து கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியில் யாராவது வந்து கூப்பிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. சின்னவன் பட்டறைப் பொறுப்பை எடுத்துக்கொண்டான். கம்ப்யூட்டரில் ஓடுகிற வி.எம்.சி. மெஷினுக்குப் புரோகிராம் அவனே போடுகிறான், என்னைக் கல்லாப் பக்கம் உட்கார வைத்துவிட்டான். கோபம்தான், ஆனால் பாகம் தேறாமல் திரும்புகிற ரிஜக்‌ஷன் குறைந்திருக்கிறது. என்ன சொல்ல?

சரி, வண்டிப் பாகம் செய்கிற ஓசூர் பட்டறைக்காரர்களுக்கு நீ நடத்தப்போகிற கூட்டத்துக்கு வருவோம். ஓசூர் நிலைமை எனக்கும் தெரியும். மின் ஸ்கூட்டரில் பிஸ்டன் இல்லை, கிராங்க் இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, கிளட்ச் இல்லை. இருபது வருஷமாக அதையே கடைந்துகொண்டிருந்தவன் இப்போது வேறு ஆர்டர் தேடத்தான் வேண்டும். அவர்களை ஒரு நாள் ஒன்றாக உட்கார வைத்தால் ஏதாவது நடக்கும் என்கிறாய். நடக்கும். ஆனால் நீ அனுப்பிய அழைப்பாளர் பட்டியலைப் பார்த்தேன். அத்தனை பேரும் கியரும் ஷாஃப்டும் செய்கிறவர்கள். அவனவனுக்குத் தெரிந்த பர்ச்சேஸ் ஆட்களும் ஒரே ஆட்கள். இவர்கள் கூடினால் ரேட் இறங்கியதைப் பேசுவார்கள், டீ குடிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள்.

மூத்தவள் எம்.பி.ஏ. படித்தபோது ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்கிற சமூகவியல்காரர் 1973-ல் எழுதிய கட்டுரை. பாஸ்டன் பக்கம் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலமாகப் புது வேலை கிடைத்தவர்களிடம், ‘அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்க்கிறவர் மூலம் வேலை கிடைத்தது 17 சதவீதத்துக்கும் குறைவு. எப்போதாவது பார்க்கிறவர் மூலம் 55 சதவீதத்துக்கு மேல். அபூர்வமாகப் பார்க்கிறவர் மூலம்கூட ஏறக்குறைய 28 சதவீதம். தினமும் பார்க்கிறவனுக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும்! அதைக் கேட்டபோது எனக்கு நம் சிட்கோ தொழிற்பேட்டை டீக்கடைதான் நினைவுக்கு வந்தது.

அதனால் பட்டியலில் பாதியை மாற்று. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்காரர்களைக் கூப்பிடு. சீசன் நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் உடைந்தால் அவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று கேட்டுப் பார். உன் ஊரில் ரோஜா வளர்க்கப் பிளாஸ்டிக் கூடாரம், அதாவது பாலிஹவுஸ், வைத்திருப்பவர்களைக் கூப்பிடு. கிளாம்ப், புல்லி, கியர்பாக்ஸ் எல்லாம் அவர்களுக்கும் தேவைதான். பேக்கிங் மெஷின் செய்கிறவர், ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிறவர், லிஃப்ட் பாகம் செய்கிறவர், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் போதும். அப்புறம், நம் பட்டறைகளில் பல இடங்களில் மெஷினைப் பார்ப்பது கணவர், பில்லும் ஜி.எஸ்.டி.யும் பார்ப்பது மனைவி. அழைப்பிதழில் இருவர் பெயரும் இருக்கட்டும். யார் ஒழுங்காகப் பணம் தருகிறார் என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஆட்களை மாற்றினால் மட்டும் போதாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இரண்டு பேராசிரியர்கள், பால் இங்க்ராமும் மைக்கேல் மோரிஸும், ஒரு தொழில் சந்திப்புக்கு வந்தவர்களின் உடையில் சின்னக் கருவி மாட்டிவிட்டு யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். 2007-ல் வெளியிட்டார்கள். புது ஆட்களைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சொன்னவர்களே கடைசியில் ஏற்கெனவே தெரிந்தவரைத்தான் அதிகம் தேடிப் போனார்களாம். அங்கேயே அப்படி என்றால், நம் ஆட்கள் அக்கா மாப்பிள்ளையைப் பார்த்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

இங்கே கணபதியில் எங்கள் சங்கத்துப் பையன்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் தான் செய்த ஒரு பாகத்தைக் கொண்டு வர வேண்டும். நீளமான மேசையில் பழைய பேப்பர் விரித்து வரிசையாக வைத்துவிட்டார்கள், பக்கத்தில் அளந்து பார்க்க ஒரு வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர். அவ்வளவுதான். யாரோடும் பேசாமல் சுவரோரம் நின்ற ஒரு பெரியவர் வைத்திருந்தது கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை புஷ், ஷாஃப்டைத் தாங்குகிற குழாய்த் துண்டு. ஜவுளி மெஷின் ஸ்பேர் செய்கிற ஒருவர் அதை எடுத்தார், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை மாட்டினார், துளைக்குள் சுண்டு விரலை விட்டுச் சுற்றினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “ரீமர் போட்டதா, ஹோனிங்கா?” என்று, துளையை எப்படி வழவழப்பாக்கினார்கள் என்பதைப் பொதுவாகக் கேட்டார். சுவரோரம் நின்றவர் நாலே எட்டில் வந்துவிட்டார். பிறகு இருவரையும் சாப்பிடக் கூப்பிடுவதே பெரும்பாடாகிவிட்டது. தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் நம் ஆளுக்கு நாக்கு எழாது. தான் செய்த பொருளைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவான்.

உன் ஊரில் இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். பெரிய கம்பெனிக்குப் பாகம் சப்ளை செய்கிற வெண்டர்கள் அந்தக் கம்பெனியின் டிராயிங்கில் செய்த பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடப் போகிறார்கள். பார்ட் நம்பர் குத்திய எதுவும் வேண்டாம், சொந்தமாகச் செய்த மாதிரி மட்டும் என்று முன்பே சொல்லிவிடு.

சட்டையில் குத்தும் அட்டையில் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இரண்டு வரி இருக்கட்டும். “இருக்கிறது: சென்டர்லெஸ் கிரைண்டிங், இரண்டாவது ஷிப்ட் காலி. வேண்டும்: ஜிங்க் பிளேட்டிங், சின்ன லாட்.” இப்படி. உன் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடுவதால் எந்த மொழியில் வேண்டுமோ அவரவரே எழுதட்டும்.

நாற்காலியை வரிசையாகப் போடாதே. போட்டால் மேடையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். வயதானவர்களுக்காகச் சுவரோரம் கொஞ்சம் போதும். நடுவில் நின்று பேசுகிற உயரத்தில் மேசைகள், ஒன்றுக்கு நாலு பேர். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் பேச்சு தானாக இரண்டாக உடைந்துவிடும். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் டம்ளர் என்றால் விசிட்டிங் கார்டை எந்தக் கையால் வாங்குவது? சுண்டல், போண்டா என்று ஒரு கையில் அடங்குவதாகக் கொடு, இலைச் சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு. டீ தட்டு தூக்குகிற பையன்களிடம், தனியாக நிற்கிற ஆள் யார் என்று பார்த்து உன்னிடம் வந்து சொல்லச் சொல். கூட்டத்தில் எல்லோரையும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். நீ வாசலிலேயே நில். வருகிறவரின் அட்டையைப் படித்து, கையைப் பிடித்து, யாரிடம் போக வேண்டுமோ அவரிடம் கொண்டுபோய் விடு. அன்று உனக்கு வேறு வேலையே கிடையாது.

பொன்னாடை, நினைவுப் பரிசு, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். சிறப்பு விருந்தினர் லேட்டாக வருவார், கூட வருகிற பத்துப் பேர் போண்டாவைத் தின்றுவிடுவார்கள், ‘இவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால்’ என்று ஒருவர் ஆரம்பித்தால் உன் கூட்டம் அங்கேயே முடிந்தது. பேச்சாளர் இருந்தே ஆக வேண்டுமானால் ஒரு ஆடிட்டரைக் கூப்பிட்டுக் கால் மணி நேரம் கொடு. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ன் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டத்திலேயே இருக்கிறது. கெடு தாண்டினால் வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் வருமான வரியில் கழிக்க முடியும் என்று 2023-ல் விதி சேர்த்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் அந்தக் கெடு 15 நாள்தான். இது பலருக்குத் தெரியாது. இதைச் சொன்னால் போதும், மைக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பார்கள். மெஷின் டீலர் யாராவது சாப்பாட்டுச் செலவை ஏற்கிறேன், அரை மணி நேரம் பேச விடுங்கள் என்று வந்தால், மேசை தருகிறேன், மைக் தர மாட்டேன் என்று சொல்லிவிடு.

தேதி விஷயம். ஆடியில் வை. முகூர்த்தம் இல்லாததால் மண்டப வாடகை குறையும், கல்யாணத்துக்குப் போய்விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. மாங்கூழ் சீசன் ஓய்ந்து ஆலைக்காரர்கள் மெஷினைப் பிரிக்கிற நேரமும் ஏறக்குறைய அதுதான். 20-ம் தேதியை ஒட்டி மட்டும் வேண்டாம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கட்டுகிற அவசரத்தில் இருப்பார்கள். ஆளுக்கு முந்நூறு ரூபாய் முன்கூட்டியே வாங்கிவிடு. இலவசம் என்றால் வருகிறேன் என்பார்கள், வர மாட்டார்கள்.

முடிந்த கையோடு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்காதே. நாலாம் நாள் ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் வரும், வேலை பார்க்கிறவன் வெளியே போய்விடுவான். அந்த ‘இருக்கிறது, வேண்டும்’ அட்டைகளைத் திரும்ப வாங்கி, ஒரே பட்டியலாக அடித்து எல்லோருக்கும் அனுப்பு. அடுத்த நாளே உட்கார்ந்து போன் போடு. “நேற்று பிளேட்டிங் கேட்டீங்களே, அவரிடம் பேசியாச்சா?” என்று கேட்டால் போதும். பாதிப் பேர் பேசியிருக்க மாட்டார்கள், நீ கேட்டதற்காகவே பேசுவார்கள்.

நானும் வருகிறேன். வந்தே பாரத் ஓசூரில் நிற்கிறதாமே, அதிலேயே வந்துவிடுகிறேன். சின்னவனையும் கூட்டி வரட்டுமா? அவனுக்கு இரண்டாவது ஷிப்ட் காலியாக இருக்கிறது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் புதுப் பட்டியலை அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உன்,
பாலு