பிரேக் திரும்பி வந்துவிட்டது என்று நம்பாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கோத்தகிரியில் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது, பாதிப் பேச்சு காதில் விழாமல் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறேன். இதை வண்டியிலேயே வைத்துக்கொள்.

கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி மலையில் பெடல் பஞ்சு மாதிரி ஆனது, அடுத்த வளைவில் அப்படியே தரை வரைக்கும் போய்விட்டது என்றாய். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை முழுக்க மேலே இழுத்து, ஒரு வழியாக ஓரம் கட்டினாய். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி நின்றது. மறுநாள் மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அவர் மேல் தப்பில்லை தம்பி. ஆறின வண்டியில் அந்தக் கோளாறு தெரியாது. உன் வண்டியில் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். வண்டியில் அந்த ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவே ஈரம் ஏறும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் பைப்புக்குள் ஆவி. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நீ மிதித்த மிதி, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடைத் தள்ளாமல் ஆவியை அமுக்கிக்கொண்டு இருந்தது. ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடுகிறது, பெடலும் நின்றுவிடுகிறது. ஆளை ஏமாற்றுவது இதுதான். நீ வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, ஆயில் மாற்றினதாக நீ சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு முன்னால் ஓட்டினவர் மாற்றினாரோ இல்லையோ.

உன் அக்கா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். வண்டியும் லோடுமாக 2.5 டன், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் இறக்கம். அவ்வளவையும் பிரேக்கிலேயே பிடித்து இறக்கினால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் டீசலை எரித்த சூடு முழுக்கப் பிரேக்கில்தான் போய்ச் சேரும் என்றாள். இத்தனை வருஷம் வண்டி ஓட்டின எனக்கே அது புதிது.

சரி, ஆயில் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தும் சரியாகப் பிடிக்கவில்லை என்றாயே, அதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் டிரம்மில், உள்ளே இருக்கும் ஷூ விரிந்து டிரம்மை உரசிப் பிடிக்கும். லீவர் அவ்வளவு மேலே வந்தும் பிடிக்கவில்லை என்றால் பின் ஷூ டிரம்மை விட்டு ரொம்பத் தள்ளி நிற்கிறது, இல்லாவிட்டால் ஷூ மேல் இருக்கும் லைனிங்கில் ஆயில் பட்டிருக்கிறது. பின்பக்கம் வேலை செய்யாததால் முன் டிஸ்க் இரண்டும் முழுச் சுமையையும் வாங்கியிருக்கின்றன. கருகின வாசனை முன்பக்கமிருந்து வந்தது என்று நீ சொன்னதும் இதற்குச் சரியாக இருக்கிறது.

அதனால் முதலில் பின் டிரம் இரண்டையும் கழற்றச் சொல். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. கசிந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே, இரண்டு பக்கமும் மாற்று. ஆயில் குடித்த லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதே. ஊறின ஆயில் சூடானால் மறுபடி வெளியே வரும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதவும் விடாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஷூவை அட்ஜஸ்ட் செய்யும்போது, சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்கும் வரை கிட்டே கொண்டுவந்து, கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும்.

அப்புறம், பின் அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு சின்ன வால்வும், அதிலிருந்து அச்சுக்கு ஒரு லீவரும் இருக்கிறதா பார். லோடு ஏறிப் பின்பக்கம் அமுங்கினால் பின் பிரேக்குக்கு அதிக பிரஷர் விடுவது அதன் வேலை. பழைய வண்டிகளில் அந்த லீவர் துருப்பிடித்து இறுகி நிற்கும். அப்படி நின்றுவிட்டால், நீ ஒரு டன் ஏற்றினாலும் வண்டி காலியாக இருப்பதாகவே நினைத்துப் பின்னுக்குக் குறைவாகத்தான் விடும்.

முன்பக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாகிறதா என்றும் கவனி. அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெடலை மிதித்து விட்டபின் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திற. ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் பெரும்பாலும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. திறந்தும் விடுபடாவிட்டால் பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கிறது.

பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே ஒரு சோதனை. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரு நிமிஷம் சீராக மிதித்துப் பிடி. வெளியே எங்கேயும் கசிவு இல்லாமல் பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது. மிதிக்கு பலம் கூட்டும் பூஸ்டருக்கு, இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதி, அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆயில். டாட் 4 வாங்கு, சீல் உடைக்காத டப்பாவாக வாங்கு. பாதி மீந்த டப்பாவைக் கொடுத்தால் வேண்டாம். பழைய ஆயிலையும் ஏரையும் நிப்பிள் வழியாக வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின் அச்சு தொங்காமல் சக்கரம் தரையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த லோடு வால்வு பின்னுக்கு ஆயிலைச் சரியாக விடாது. பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வை. பழைய சிலிண்டரில் பெடலைத் தரை வரை மிதித்தால், இத்தனை வருஷம் போகாத இடத்துக்கு வாஷர் போய் அங்கிருக்கும் துருவில் கிழியும். இந்த வேலை முடியும் வரை வண்டியில் இருக்கும் டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. பிரேக் சாமானை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதே, ரப்பர் ஊதிவிடும்.

நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. 1997-ல், நீ கைக்குழந்தை, நான் கொல்லிமலையிலிருந்து அன்னாசி லோடோடு காரவள்ளிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவு. டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டேன். இரண்டு மூன்று மிதியில் பூஸ்டரில் இருந்த வாக்குவம் தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு காலாலும் மிதித்தேன், வேகம் அடங்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்க மண் மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். இடது பக்கக் கதவு முழுக்கக் கிழிந்தது. கூட வந்த கிளீனர் பையன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அழுதான். முதலாளியிடம் எதிரே பஸ் வந்தது என்றேன், உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. நேற்று நீ பேசினபோது எனக்கு அந்தக் கதவுதான் கண்ணில் வந்தது.

எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். அங்கே மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி போர்டு வைத்திருப்பது லோடு வண்டிக்காகவும்தான். பின்னால் கார்க்காரன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், இடம் பார்த்து ஒதுங்கி அவனை விடு. பெடலில் காலை வைத்துக்கொண்டே வராதே, அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடு. வாசனை வந்தால் நிறுத்திவிட்டு ஆறவிடு. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதே, விரிசல் விடும்.

வேலை முடியும் வரை லோடு ஏற்றாதே. மண்டிக்கு வாடகை வண்டி பிடி, அதற்கு வேண்டிய பணத்தை நாளைக்குப் போட்டுவிடுகிறேன். கடனாக நினைக்காதே. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நாமக்கல்லில் இரண்டு வீல் சிலிண்டரும் ஒரு செட் ஷூவும் பார்த்து வாங்கிவருகிறேன், டிரம்மைக் கழற்றி வை. ஷூவின் அகலத்தை அளந்து நாளைக்குள் போனில் சொல். எடுக்கிற பழைய ஆயிலைக் கொட்டிவிடாமல் ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்திரு. என்ன நிறத்தில் இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா